வாசல்காரன் கேட்ட சொல்

அழகமுத்து நெருப்பில் சாகவில்லை. ஆயுளில் பாதியைத் தீயணைப்புப் படையில் கழித்தவர், ஓய்வுபெற்ற பிறகு, 2009ஆம் ஆண்டில் ஒரு பட்டப்பகலில், மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே மரக்கறிக் கடை வாசலில் கையில் புடலங்காயோடு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்பே உயிர் போய்விட்டது.

மகள் புஷ்பவதி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து மின்சார வேலையில் சேர்ந்தவள். அன்றைக்கு ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் கம்பி இழுக்கும் இடத்தில் நின்றாள். அப்பா செத்துவிட்டார் என்று போனில் சொன்னதும் அவள் கேட்டது, “எந்தக் கட்டடம்?” சின்ன வயதிலிருந்து அந்தச் செய்திக்கு அப்படித்தான் பயந்து பழகியிருந்தாள். அப்பா செத்தார் என்றால் ஏதோ ஒரு கட்டடம் இடிந்திருக்க வேண்டும்.

“கட்டடம் ஒண்ணும் இல்லம்மா. ரோட்டுல.”

மரண வீட்டுக்குத் தீயணைப்புப் படைக்காரர்கள் சீருடையில் வந்தார்கள். முன்னால் வந்தவன் ரத்னபால. அவனைக் கண்டதும் அக்கம்பக்கத்துப் பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதே கேற்றைப் பிடித்து உலுக்கி, “என் அண்ணனைக் கொன்ற தமிழன் வெளியே வா” என்று சிங்களத்தில் கத்தியவன் அவன். அதைத் தெருவே கேட்டது. பிறகு நடந்தது ஒரு வகுப்பறைக்குள். அதைத் தெரு கேட்கவில்லை.

அழகமுத்து பிறந்தது இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில். கொழுந்து நிறுக்கும் மடுவத்தை விட்டு இறங்கியவர் தம்புள்ளைக்குப் போய்வரும் மரக்கறி லொறியில் உதவியாளாக ஏறினார். சிங்களத்தை அவர் படித்தது அந்த லொறியின் பின்பலகையில். கெட்ட வார்த்தை முதலில் வந்தது, இலக்கணம் பிறகு வந்தது. சில வருஷத்தில் அவர் பேசுவதைக் கேட்டு அவரை எந்த ஊர்ச் சிங்களவர் என்று விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்குக் கிடைத்ததும் நகரத்தில் குழாய் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து தீயணைப்பு வண்டிக்கு மாறினார். படையில் அவர் பெயர் சுருங்கி ‘அழகே’ ஆனது.

அவரோடு ஒன்றாகச் சேர்ந்தவர் பலாபத்வலை ஊர்ச் சோமதிலக; படையில் அவர் ‘சோமே’. அண்ணாந்து பார்க்கும் உயரம், எதற்கும் சிரிப்பு. ஒருமுறை ஒரு தோட்டத்து லயத்தில் தீ. தீயை அணைத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த சனங்களோடு அழகமுத்து தமிழில் பேசினார். சோமதிலக வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“மச்சாங், ஒனக்குத் தமிழும் தெரியுமா? எங்க படிச்ச?”

“எங்கம்மாகிட்ட.”

வண்டியில் திரும்பி வரும்வரை சோமதிலக சிரித்து முடியவில்லை. அவர் நிஜமாகவே மறந்துபோயிருந்தார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் தமிழர் கடைகள் எரிந்தபோது அவருக்கு நினைவு வந்தது. சீருடையோடு வந்து, அழகமுத்துவின் மனைவி சுந்தரம்மாவையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிப் பலாபத்வலையில் தன் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டார். சோமதிலகவின் அம்மா அவர்களை அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பாக்கு வெட்டினார். சோமதிலகவின் தம்பி ரத்னபால அப்போது சிறுபயல். பூட்டிய அறைக்குள் புஷ்பவதிக்கு ஜன்னல் வழியாகப் பலாச்சுளை நீட்டியவன் அவன்தான்.

அதற்குப் பிறகு அழகமுத்து வீட்டுக்கு வெளியே தமிழ் பேசுவதை விட்டுவிட்டார். பஸ்ஸில் ஏறினால் மகள் அவரை ‘அப்பா’ என்று கூப்பிடக் கூடாது. ‘தாத்தா’ என்று கூப்பிட வேண்டும். சிங்களத்தில் அப்பாவுக்கு அதுதான் சொல்.

“அப்பா எப்புடிம்மா தாத்தா ஆவாரு? அவருக்குத் தலைகூட நரைக்கலையே?” என்று அவள் கேட்டாள்.

“பஸ்ஸ விட்டு எறங்குனதும் மறுபடி அப்பா ஆயிருவாரு. பேசாம வா” என்றார் சுந்தரம்மா.

வாயைப் பழக்கிவிட்டார் மனிதர். வேலை இடத்தில் தும்மினால்கூடச் சிங்களத்தில் தும்முகிறார் என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பின்னால் நடந்த ஒரு விசாரணையில் அவர் அத்தனை உறுதியாகச் சத்தியம் செய்தது இந்தப் பழக்கத்தை நம்பித்தான்.

தீப்பிடித்தது தொண்ணூற்றாறாம் ஆண்டில். கொழும்பில் பெரிய குண்டு வெடித்து, ஊரெல்லாம் தமிழர்களை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்த காலம். மாத்தளைக்கு வெளியே ஒரு வாசனைச் சரக்குக் களஞ்சியம். மிளகும் கராம்பும் சாக்குச் சாக்காகப் பரண்வரை அடுக்கியிருந்தது. மிளகு எரிந்தால் வரும் புகையைப் புகை என்று சொல்லக் கூடாது. கண்ணில் பட்டால் கண் மூடிக்கொள்ளும், பிறகு திறக்காது. தொண்டைக்குள் போனால் மூச்சு தானாகவே நின்றுகொள்ளும். அந்தக் காலத்தில் அவர்களிடம் முகமூடி இல்லை. மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள ஈரத்துண்டுதான்.

மிளகு புடைக்கும் பெண் ஒருத்தி உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று வெளியே கூச்சல். அழகமுத்து ஹோஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தார். சோமதிலக வாசலில் நின்று ஹோஸை விட்டுக் கொடுத்தார். உள்ளே போனவருக்கு வெளியுலகம் என்றால் அந்த வாசலில் நிற்கிற ஆள் மட்டும்தான். படையில் அந்த ஆளுக்கு ‘வாசல்காரன்’ என்று பெயர். வாசல்காரன் வாசலை விட்டு நகரக் கூடாது.

அந்தப் பெண் பின்பக்கத்து ஓட்டையால் எப்போதோ வெளியே வந்துவிட்டிருந்தாள். வேலியோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவளை யாரோ அடையாளம் கண்டு கத்தினார்கள். சோமதிலக அதைச் சொல்லி அழகமுத்துவைத் திருப்பி அழைக்க உள்ளே பார்த்து, “அழகே!” என்று கூப்பிட்டார்.

அந்தக் குரல் அழகமுத்துவுக்குக் கேட்டது. அது மட்டும் கடைசிவரை நினைவிருந்தது. அடுத்து அவருக்குத் தெரிந்தது, பக்கத்தில் யாரோ தவழ்ந்து வரும் சத்தம். அதற்கு அடுத்தது, பரண் சரிந்தது.

சுவரோரம் ஒட்டிக் கிடந்ததால் அழகமுத்துவைக் காலைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். சோமதிலகவின் மேல் கிடந்த சாக்குகளைத் தூக்க வெகுநேரம் ஆயிற்று.

வெளியே நின்ற மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னார்கள். சோமதிலக பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து அழகமுத்து, “வாங்க, வாங்க” என்று சிங்களத்தில் கத்தினார். கூட்டாளி மாட்டிக்கொண்டான் என்று நினைத்த சோமதிலக ஹோஸைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். இதுதான் நடந்தது.

விசாரணை மேசைக்கு எதிரே அழகமுத்துவை நிற்க வைத்துக் கேட்டார்கள்.

“எதற்காக உள்ளே கூப்பிட்டாய்?”

“நான் கூப்பிடல சேர்.”

“மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மூவரும் பொய்யர்களா?”

“அவங்க பொய்யர்னு நான் சொல்லல. நான் கூப்பிடல.”

“அப்படியென்றால் யார் கூப்பிட்டது? மிளகு மூட்டையா?”

மேசைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அழகமுத்து தன் பிள்ளை மேல் சத்தியம் செய்தார். வாயைத் திறந்தாலல்லவா புகை உள்ளே போகும், நான் வாயைத் திறக்கவேயில்லை என்றார். அது அவர்களுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. பதறிப்போய்க் கூப்பிட்டேன், தப்புத்தான் என்று சொல்லியிருந்தால் ஒரு தண்டனையோடு போயிருக்கும். ஒரேயடியாக இல்லை என்கிறானே, ஏன்? ஒரு தமிழன், ஒரு சிங்களவனை, விழப்போகும் பரணுக்கு அடியில் கூப்பிட்டு வைத்திருக்கிறான். பேச்சு அப்படித் திரும்பியது. பொலிஸ் வந்து கூட்டிப் போனது, விட்டது, திரும்பவும் கூட்டிப் போனது. அடுத்த தடவை கூட்டிப் போனால் எங்கே கொண்டுபோவார்கள் என்பது அந்த வருஷங்களில் எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக இருக்கவில்லை. விசாரணை முடியும்வரை படையில் அவருக்குக் கிடைத்த வேலை வண்டி கழுவுவதும் ஹோஸ் காயப்போடுவதும். இரவல் கொடுத்ததுபோல அவருடைய தலைக்கவசத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். சோமதிலகவின் வேலை தம்பி ரத்னபாலவுக்குக் கிடைத்தது. அவன் கேற்றை உலுக்கியது அந்த நாட்களில்தான்.

வீட்டில் சுந்தரம்மா கெஞ்சினார். “என்னங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க. பொகையில பயந்து போயி ஒரு வார்த்த வந்திருக்கலாம்ல? வந்துச்சுன்னு சொல்லிருங்களேன். சொன்னா விட்டுருவாங்களாம்.”

“வரல புள்ள. வராதத வந்துச்சுன்னு சொன்னா, சோமே செத்ததுக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி.”

புஷ்பவதி அப்போது படித்துக்கொண்டிருந்தாள். களஞ்சியத்தைத் தாளில் வரைந்து, வாசல் எங்கே, பரண் எங்கே, அப்பா எங்கே என்று குறித்தாள். அந்தத் தூரத்தில் வாசலில் நின்ற ஆளுக்கு உள்ளே இருந்தவரின் குரல் நிச்சயம் கேட்டிருக்கும். கணக்கு அப்படித்தான் வந்தது. அவள் அந்தத் தாளை அப்பாவிடம் காட்டவில்லை. அப்பா பொய் சொல்வாரா என்று ஒரு பொழுது முழுக்க யோசித்திருக்கிறாள்.

விசாரணை முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு பயிற்சி வந்தது. தீ பிடித்த இடத்தில் எப்படி முடிவெடுப்பது, மாட்டிக்கொண்டவரை எப்படித் தேடி எடுப்பது என்று வகுப்பறையில் வைத்துச் சொல்லிக் கொடுக்க, கொழும்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஸக்கரியா என்ற அதிகாரி வந்தார். மாத்தளைப் பக்கத்து முஸ்லிம் மனிதர். பாடசாலை விடுமுறை என்பதால் ஒரு வகுப்பறையை வாங்கிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகைகளில் முழங்கால் மேசையில் இடிக்கப் படைக்காரர்கள் உட்கார்ந்தார்கள். அழகமுத்து கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், தனியாக. ரத்னபால முதல் வரிசையில்.

பாடமெல்லாம் சிங்களத்தில். ஸக்கரியா கரும்பலகையில் மாடி வீடொன்றை வரைந்தார். மேலே ஜன்னலில் ஒரு பெண். கீழே நெருப்பு.

“முதல் வேலை எது?”

“தண்ணி அடிப்போம் சேர்!” என்றது முன்வரிசை.

“அடிங்க. ஆவி கெளம்பி மேல போயி அந்தப் பொண்ண அவிச்செடுத்துரும். அவ இடியப்பமா?”

வகுப்பு சிரித்தது. அழகமுத்துவும் கொஞ்சம் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்ததில் அவருக்கே திடுக்கென்றது.

ஓடுவதற்கு முன் கட்டடத்தைச் சுற்றிப் பார். புகையின் நிறத்தைப் பார். தேடப் போனால் ஒரு கை எப்போதும் சுவரில். போன சுவரைப் பிடித்தே திரும்பி வா. ஸக்கரியா சொல்லிக்கொண்டே போனார். பிறகு வாசல்காரனுக்கு வந்தார்.

“தேடுறவன் செவர விடக் கூடாது. வாசல்காரன் வாசல விடக் கூடாது. பெத்த தாய் உள்ள இருந்து கூப்பிட்டாலும் விடக் கூடாது.”

ஒருவர்கூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் இருக்க அவர்கள் பட்ட பாடு கடைசி வரிசைக்கு நன்றாகத் தெரிந்தது. ரத்னபாலவின் கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

கடைசி நாள் செய்முறை. ஜன்னல்களைத் தார்ப்பாயால் அடைத்தார்கள். மேசைகளையும் வாங்குகளையும் தாறுமாறாக அடுக்கிக் குகைபோல ஆக்கினார்கள். புகைக்குப் பதிலாகத் தலையில் சாக்கு. கண் தெரியாமல் தவழ்ந்து போய், உள்ளே கிடக்கும் மணல் மூட்டையைத் தேடி எடுத்து வர வேண்டும். வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர். ஸக்கரியா முன்வரிசையில் ஓர் ஆளையும் பின்வரிசையில் ஓர் ஆளையும் கைகாட்டிக்கொண்டே வந்தார்.

“நீ வாசல். பின்னால இருக்கிற அவர் உள்ள.”

ரத்னபால எழும்பவில்லை. “இந்த ஆளோட நான் நிக்க மாட்டேன் சேர்.”

“ஏன்?”

களஞ்சியத்தில் ஒருவர் செத்த கதை ஸக்கரியாவுக்குத் தெரியும். அந்த ஆட்கள் இவர்கள்தான் என்று தெரியாது.

“எரியிற வீட்டுக்கு முன்னால நின்னுக்கிட்டு ஜோடி மாத்திக் கேப்பியா? எழும்பு.”

எழும்பினான். அவன் தலையிலும் ஒரு சாக்கை மாட்டி, காதருகே குனிந்து ஸக்கரியா சொல்லிக் கொடுத்தார்: நான் தோளைத் தொட்டதும் உள்ளே போனவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. மூட்டை கிடைத்துவிட்டது, வெளியே வாருங்கள் என்று சொல். அவ்வளவுதான்.

அழகமுத்து சாக்கைத் தலையில் மாட்டினார். சாக்குகள் நகரத்துக் கடையொன்றில் இரவல் வாங்கியவை. மிளகுச் சாக்குகள். முதல் மூச்சிலேயே அவருக்கு அது தெரிந்துவிட்டது. கழற்றிவிடலாமா என்று நினைத்தார். கழற்றினால் இவர்கள் நினைப்பது உறுதியாகிவிடும். இடது கையைச் சுவரில் வைத்துத் தவழத் தொடங்கினார். மேசைக் கால், வாங்கு, மேசைக் கால். மூக்கு எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. இது பாடசாலை, இது வகுப்பறை, வெளியே வெயில் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனார். கொஞ்ச தூரத்தில் அப்படிச் சொல்வது நின்றுபோனது.

அப்போது வாசலிலிருந்து குரல் வந்தது.

“அழகே!”

அண்ணனின் குரல் தம்பிக்கு அப்படியே வாய்த்திருந்தது. அண்ணன் செத்த நாளிலிருந்து ரத்னபால அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. இதுதான் முதல் தடவை.

அடுத்த நொடி அழகமுத்துவுக்குக் கேட்டது யாரோ வேகமாகத் தவழ்ந்து வரும் சத்தம். வாங்குகள் சரிந்தன. ஒரு மேசை கவிழ்ந்தது. ஒரு கை அவருடைய கணுக்காலை இறுக்கிப் பிடித்தது.

“வந்துட்டேன் அண்ணே! அடிபட்டதா? எங்க?” சிங்களத்தில், மூச்சிரைக்க, பயந்துபோன குரல். வெறுப்பு அதில் ஒரு துளிகூட இல்லை.

தார்ப்பாயை இழுத்தார்கள். வெளிச்சம் வந்தது. இருவர் தலையிலும் இருந்த சாக்கை உருவினார்கள். ஸக்கரியா கொதித்துப்போய் நின்றார்.

“மூணு நாளா கத்துறேன்! வாசல்காரன் எதுக்கு வாசல விட்ட?”

“அவர் கூப்பிட்டார் சேர்.”

“நான் கூப்பிடல” என்றார் அழகமுத்து.

அதே வார்த்தை. விசாரணை மேசைக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை. வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் கத்தியது. “கூப்பிட்டார் சேர்! நாங்க எல்லாரும் கேட்டோம்! வாங்க வாங்கன்னு கூப்பிட்டார்!”

அழகமுத்து அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இதில் பொய் சொல்லக் காரணம் இல்லாதவர்களும் இருந்தார்கள்.

ஸக்கரியா வாசல் பக்கம்தான் நின்றிருந்தார், அவருக்கும் கேட்டிருந்தது. ஆனால் அவர் காதுக்கு அது ‘வாங்க’ என்று கேட்கவில்லை. அவர் முகம் மெல்ல வெளுத்தது. அழகமுத்துவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். அத்தனை நாளில் முதல் தடவையாகத் தமிழில் கேட்டார்.

“தம்பி, அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டானே, அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணுமே சொல்லலங்க. என்னன்னுதான்…”

அங்கேயே நின்றுவிட்டது பேச்சு.

தமிழில் ஒருவரைக் கூப்பிட்டால் அவர் ‘என்ன?’ என்று கேட்பார். சிங்களத்தில் அதே ஓசைக்கு ‘வாங்க’ என்று பொருள். மாத்தளையில் இது குழந்தைக்கும் தெரியும். சந்தையில் இதை வைத்துப் பகிடி பண்ணாதவர் கிடையாது. படையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அழகமுத்து வேலையில் தமிழ் பேசுவார் என்று நினைக்க அவர்களிடம் காரணமே இல்லை. அவரிடமும் இல்லை. கண் திறந்திருக்கும்வரை அவர் வாய் சிங்களத்தில் இருந்தது. கண்ணை மூடிப் புகையில் போட்டதும் வாய் லயத்துக்குத் திரும்பிவிட்டது, அவரிடம் சொல்லாமலே.

ஸக்கரியா எழுந்து மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னார். “மச்சாங் மச்சாங்னு பழகுற கூட்டாளிய எவனாவது ‘வாங்க’ன்னு மரியாதையாக் கூப்பிடுவானா? அத ஒருத்தர்கூட யோசிக்கலையே. அவர் கூப்பிடல. தமிழில ‘என்ன?’ன்னு கேட்டார்.”

கவிழ்ந்த மேசைக்கும் சரிந்த வாங்குகளுக்கும் நடுவே இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ரத்னபாலவின் கை இன்னும் அழகமுத்துவின் கணுக்காலில் இருந்தது. எடுக்க மறந்துவிட்டான்.

“அப்ப, அண்ணன் கேட்டது சரிதான்” என்றான்.

“நான் சொன்னதும் பொய் இல்ல” என்றார் அழகமுத்து. சொல்லிவிட்டுத் தன் வாயைக் கையால் பொத்தினார். பொத்திய கைக்குள்ளிருந்தே வந்தது: “ஆனா, நான்தான் கூப்பிட்டிருக்கேன்.”

விசாரணை அதோடு முடிந்தது. ஸக்கரியா நேரில் போய்ச் சொன்னார், படைக்காரர்களும் சொன்னார்கள். தலைக்கவசம் திரும்பி வந்தது. பொலிஸ் பிறகு வரவில்லை. புகைக்குள் போகிறவர் வாயால் பதில் சொல்லக் கூடாது, கயிற்றை இழுத்தோ விசில் ஊதியோதான் பேச வேண்டும் என்று வழக்கத்தை மாற்றினார்கள். பொய்யன், கொலைகாரன் என்ற பேச்சு ஊரில் தேய்ந்து இல்லாமல் போனது. சுந்தரம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார்.

அழகமுத்துவோ, விசாரணை நடந்த காலத்தில் சாப்பிட்ட அளவுகூடப் பிறகு சாப்பிடவில்லை. முன்பு அவர் பக்கம் ஓர் உண்மை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது அந்த உண்மையே அவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்னபாலவோடு பலாபத்வலைக்குப் போனார். சோமதிலகவின் அம்மா முன்பு போலவே வாசலில் உட்கார்ந்திருந்தார். வேலிப் படலைக்கு வெளியே நின்று, என் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டுத்தான் உங்கள் மகன் உள்ளே வந்தான் அம்மா என்றார் அழகமுத்து. மனப்பாடம் செய்து வந்தது.

அந்த அம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வதைச் சொன்னார். “என்ன புத்தே, என்ன.” வா மகனே, வா.

அழகமுத்துவின் கால் நகரவில்லை. அந்தச் சொல் மாத்தளையில் ஒலிக்காத இடம் கிடையாது. கடைக்காரன் சொல்வான், பஸ் கொண்டக்டர் சொல்வான், கல்யாண வீட்டு வாசலில் சொல்வார்கள். இனி ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருக்கும் என்று அந்தப் படலையடியில் அவருக்குத் தெரிந்தது. கடைசியில் அந்த அம்மாவே எழும்பி வந்து, மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

அன்றிலிருந்து அழகமுத்து யாரிடமும் ‘என்ன’ என்று கேட்கவில்லை. கூப்பிட்டால் ‘சொல்லு’ என்பார், ‘சொல்லுங்க’ என்பார், இல்லாவிட்டால் திரும்பிப் பார்ப்பார். வீட்டிலும் அப்படித்தான். சுந்தரம்மா காலமெல்லாம் ‘என்னங்க’ என்று கூப்பிட்டு வந்தவர், ஒருநாள் அந்தச் சொல்லுக்கு அவர் தோள் துள்ளியதைப் பார்த்துவிட்டு, ‘புஷ்பா அப்பா’ என்று மாற்றிக்கொண்டார். மகள் ஒரு விளக்கத்தையும் கேட்கவில்லை. சாகும்வரை அப்பா அந்தப் பழக்கத்தில் வழுவவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

சாவு வீட்டுக்கு மரக்கறிக் கடைக்காரர் பாறூக் வந்திருந்தார். அழகமுத்து விழுந்தபோது தலையை மடியில் தாங்கியவர். புஷ்பவதி அவரை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டாள். “பாறூக் நானா, அப்பா கடைசியா ஏதாவது சொன்னாரா?”

“சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல மகள். மிச்சக் காச மறந்துட்டுப் போனாரு. அழகமுத்து அண்ணேன்னு கூப்புட்டேன். திரும்பி என்னன்னு கேட்டாரு. அப்படியே சாஞ்சிட்டாரு.”

“சொல்லுங்கன்னு சொல்லியிருப்பாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இல்ல மகள். என்னன்னுதான் கேட்டாரு. மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தேனே.”

புஷ்பவதி திரும்பவும் கேட்டாள். திரும்பவும் அவர் அதையேதான் சொன்னார். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும். கேட்டதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற ரத்னபால, “கடைசியாப் பேசியது எது?” என்று சிங்களத்தில் கேட்டான். மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு அந்தச் சொல்லை மட்டும் சொன்னாள்.

அவனுக்கு அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி வாங்கில் வைத்தான். பெட்டிக்குப் பக்கத்தில் போய், சீருடை மடிப்புக் கலைய முழங்காலில் இறங்கி, வேட்டிக்கு வெளியே தெரிந்த கணுக்காலைப் பிடித்தான்.

“வந்துட்டேன் அண்ணே” என்றான்.